இறக்கிவிட ஓர் ஆள்

தலையில் சும்மாடு. அதன்மேல் தண்ணீர் நிறைந்த அலுமினியச் சருவம். விக்டோரியா தன் வீட்டு முற்றத்தில் மெல்ல நடந்துகொண்டிருந்தாள்.

ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. கூன் போன இடம் தெரியவில்லை.

கருங்கல் ஊரில் முதுகுக்குப் பயிற்சி சொல்லித்தரும் ஆன்ஸ்லின் பார்த்தால் சண்டைக்கு வருவாள். நெஞ்சைத் தள்ளாதே, தாடையைத் தூக்காதே, மூச்சை அடக்காதே என்று அவள் சொல்லாத நாளில்லை. விக்டோரியா அந்தப் பிழைகளில் ஒன்றையும் விட்டதில்லை. சுவரோடு சேர்த்து நிறுத்தினால் போதும், போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி விறைத்துக்கொள்வாள்.

கடைசியில் ஆன்ஸ்லின் அலுத்துப்போய், லேசான புத்தகம் ஒன்றைத் தலையில் வைத்து நடக்கச் சொன்னாள்.

வீட்டில் இருந்த ஒரே புத்தகம் பைபிள். அதைத் தலையில் வைத்து நடை பழகினால் ஆண்டவர் பொறுத்தாலும் பங்குச்சாமி பொறுக்கமாட்டார்.

அதனால்தான் பழைய சருவம்.

மகன் பெனின் கத்தாருக்குப் போகும்வரை அதில்தான் மீன் சுமந்து விற்றாள். அவன் இந்த வீட்டைக் கட்டி, இனி சுமக்க வேண்டாம் என்றான். சுமை போனது, கூன் வந்தது.

மீன்சுமையை யாரும் தனியாக இறக்குவதில்லை. வாசலுக்கு வாசல் ஒருத்தி ஓடிவந்து கை கொடுப்பாள். இறக்குகிற நேரத்தில் இரண்டு முகமும் ஒட்டினாற்போல் இருக்கும். பிறகு பேச்சுக்குப் பஞ்சமில்லை.

இந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் பெரிய கேட். விக்டோரியாவுக்கு யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தது.

கேட்டைத் திறந்து வெளியே வந்து நின்றாள்.

வெகுநேரம் யாரும் வரவில்லை. கழுத்து வலித்தது. பிறகு அடுத்த வீட்டு ஷெர்லி ஸ்கூட்டரை வெளியே எடுத்தாள்.

"மக்கா, இத ஒண்ணு இறக்கிவிடு."

ஷெர்லி ஓடிவந்தாள். இருவருமாகப் பிடித்து, மார்பளவு உயரமுள்ள கேட் தூணின்மேல் சருவத்தை வைத்தார்கள். அந்த ஒரு நொடி ஷெர்லியின் பவுடர் வாசனை விக்டோரியாவின் முகத்தில் பட்டது.

"ஐயோ, வெறும் தண்ணியா அம்மா?"

முதுகுக்குப் பயிற்சி என்று சொல்லி, விக்டோரியா அவளைச் சாயா குடிக்கக் கூப்பிட்டாள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே ஷெர்லி கிளம்பிவிட்டாள்.

ஸ்கூட்டர் சத்தம் தேயும்வரை விக்டோரியா பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு சும்மாட்டைச் சரிசெய்தாள். தூணருகே முட்டியை மடக்கித் தலையைக் கொடுத்து, விளிம்பை மெல்ல இழுத்து, சருவத்தைத் தலையில் ஏற்றி எழுந்தாள். முதல்முறையும் அப்படித்தான் தனியாக ஏற்றியிருந்தாள்.

தெருமுனையில் யாரோ செருப்பு உரச நடந்துவரும் சத்தம்.

விக்டோரியா மூச்சை அடக்கிக்கொண்டாள்.