சர்க்கரை போன இடம்

நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக அளப்பதால் லேபில் அவளுக்குச் சொட்டு என்றே பெயர். மனித செல்லின் சவ்வில் வாயிற்காவலன் போல நின்று சர்க்கரையை உள்ளே விடுமே, அந்தப் புரதத்தை ஈஸ்ட்டில் வளர்த்துப் பிரித்து, பொடிப்பொடிக் கொழுப்புக் குமிழிகளில் பதித்திருந்தாள். குமிழிக்கு வெளியே சர்க்கரைத் தண்ணீர், உள்ளே வெறும் தண்ணீர். வெளியே இருந்த சர்க்கரை மளமளவென்று குறைந்தது. உள்ளே மட்டும் ஏறவேயில்லை.

"அப்போ எங்கதான் போச்சு?" என்றார் லேபின் தலைவி.

"தெரியல மேடம். ட்யூப்ல ஒட்டல, கீழயும் சிந்தல."

டாக்டர் சர்க்கரைக்குத் தடை போட்டதிலிருந்து, வீட்டில் அவளுக்கு வாயில் வைக்க விளங்காத டீதான். அன்று சாயங்காலம் அது இனித்தது.

"சர்க்கரை போட்டீங்களா?"

"சத்தியமா இல்ல," என்றான் கணவன். "டாக்டர்கிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கிறது?"

சோதனை செய்த நாளெல்லாம் டீ இனித்தது. ரத்தத்தில் சர்க்கரை கூடவில்லை. சொட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒருநாள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் குமிழிக்கு வெளியேயும் வெறும் தண்ணீரையே விட்டாள். ஒவ்வொரு குமிழிக்குள்ளும் சர்க்கரை நிரம்பியது.

வீட்டுக்கு வந்தால், கணவன் தன் டீயில் மூன்றாவது ஸ்பூனைக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"இந்தச் சர்க்கரைல ஏதோ கலப்படம். எவ்வளவு போட்டாலும் இனிக்கவே மாட்டேங்குது."

அவன் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். துளி இனிப்பில்லை.

"விடுங்க," என்றாள். "நாளைக்கு லேப்ல உங்களுக்கும் சேர்த்துப் போடறேன்."