பத்தில் சூரியன்

"என் இடத்துல ஒரு இம்மிகூட உனக்குத் தர மாட்டேன். போடா வெளியே!"

ஜோசியர் ராமராஜன் போட்ட சத்தத்தில், பலன் கேட்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பட்டம்மாள் ஏதோ சொத்துத் தகராறு என்றே நினைத்துவிட்டாள். சண்டை அவருடைய கம்ப்யூட்டருக்காக. புடவை பார்டருக்கு டிசைன் போட மகள் அகிலாவுக்கு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற வேறு சிஸ்டம் வேண்டுமாம். அவருடைய ஜாதக சாப்ட்வேரோ பழைய விண்டோஸை விட்டு நகராது. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துத் தர வந்தவன், ரங்கசாமி குளத்தருகே கடை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் மெக்கானிக் உதயகுமார்.

"காலியா கெடக்குற இடத்துல ஒரு மூலை போதும் சார். ஃபைலெல்லாம் பொதுவா ஒரே டிரைவ்ல இருக்கும், ரெண்டு பக்கமும் அதையே தொறந்துக்கலாம். எதையும் ரெண்டு தபா வெக்கத் தேவையில்ல. உங்க ஜாதகம் ஒண்ணும் அழியாது."

"அழிஞ்சா உன் கடைய வித்துக் குடுப்பியா? ஸ்க்ரூ முடுக்குற பய, எனக்குப் பாடம் எடுக்கறான்!"

மகள் முகம் தொங்கிப்போனதால், போனால் போகிறதென்று விட்டார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வேலை முடிந்தது. ஜாதகமெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"கூலி என்னடா?"

"கூலி வேணாம் சார். அகிலாவ எனக்குக் கட்டிக் குடுங்க."

ராமராஜனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "கீபோர்டுல தூசி தட்டுற நாய்க்கு என் பொண்ணா? மூஞ்சிய என்னிக்காவது கண்ணாடில பாத்திருக்கியா?"

"பிரசன்னம் போட்டுப் பாருங்கப்பா," என்றாள் அகிலா. "ஆகாதுன்னு வந்தா இனிமே இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"அதான! கேட்ட நேரத்துக் கெரகம் பொய்யே சொல்லாதுன்னு இப்பத்தான சொல்லிக்கினு இருந்தீங்க?" என்றாள் பட்டம்மாள்.

ராமராஜன் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். இந்தப் பயலுக்கு நல்லது சொல்ல, கிரகத்துக்குக் கூடவா விவஸ்தை இருக்காது? பட்டனைத் தட்டினார். அந்த நிமிஷத்துக் கட்டத்தை கம்ப்யூட்டரே போட்டுவிடும். அவர் கையால் கட்டம் போட்டுப் பல வருஷம் ஆகிறது.

கோயிலில் சாயரட்சை மணி அடித்தது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. திரையில் வந்ததை வழக்கம்போல் உரக்கப் படித்தார்.

"லக்னத்துக்குப் பத்தில் சூரியன். ஏழாம் இடத்துக்கு குரு பார்வை. திருமணம் கைகூடும். தடுப்பவருக்கே..." மீதியை மனசுக்குள் படித்தார்.

"தடுப்பவருக்கே?" என்றாள் பட்டம்மாள்.

"தோஷம்."

பட்டம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விடிவதற்குள் பிள்ளையார்பாளையம் முழுக்கச் சொல்லிவிடுவாள். பிரசன்னம் பொய் என்று ராமராஜனே சொன்னால், நாளைக்கு எவன் இந்த வாசற்படியை மிதிப்பான்?

"தொலைங்க! ஒரு மெக்கானிக் பய எனக்கு மருமகன், எல்லாம் என் தலையெழுத்து!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். பட்டம்மாளும் தன் பலனை மறந்துவிட்டு அவர் பின்னாலேயே ஓடினாள்.

"லினக்ஸ் போட்டா விண்டோஸ்ல மணி பின்னால போயிடும்னு சொன்னப்ப நீ நம்பவே இல்ல. இப்பப் பாரு, சாயங்காலத்துல நீ பாத்து வெச்ச மத்தியானக் கட்டமே வந்துடுச்சு," என்று சிரித்தான் உதயகுமார்.

"சிரிச்சிக்கினு நிக்காத," என்றாள் அகிலா. "அப்பா வர்றதுக்குள்ள கடிகாரத்த அஞ்சரை மணி நேரம் முன்னால தள்ளு."