அறுபத்து நான்காம் நாள்

பனிக்காலம் தொடங்கியதிலிருந்து அந்த பஸ் டிரைவர் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. குளிரில் கை உதறும்போதெல்லாம் வெந்நீரைக் குடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டார். டிப்போவில் தினமும் காலையில் குடிசோதனைக் கருவியில் ஊதினார். அறுபத்து மூன்று நாளும் பூஜ்யம்.

அறுபத்து நான்காம் நாள் நூற்றெண்பது காட்டியது.

"சத்தியமா குடிக்கல சார்!"

மேனேஜர் வேறு கருவியைக் கொண்டுவந்தார். அதிலும் நூற்றெண்பது.

"இவ்வளவு குடிச்சவன் நிக்கவே முடியாதுய்யா. நீ நேரா நிக்கிற. எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா வண்டி குடுக்க முடியாது, வீட்டுக்குப் போ."

வழியெல்லாம் அழுதபடி நடந்தார். மனைவியாவது நம்புவாள் என்ற ஒரே பிடிப்புதான் அவரை வீடுவரை கொண்டுவந்தது.

கதவைத் திறந்த மனைவி அவரைப் பார்த்ததும் படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க எப்ப எழுந்து வெளிய போனீங்க?"

"விடிகாலையிலயே வேலைக்குப் போயிட்டேனே."

"இப்ப அரைமணி முன்னாடி குடிச்சிட்டு வந்து விழுந்தீங்களே. நான்தானே தாங்கிப் பிடிச்சுப் படுக்க வெச்சேன்."

படுக்கையறைக்குள் யாரோ இருமினார்கள். "தண்ணி குடும்மா" என்று அவருடைய சொந்தக் குரலே குழறியது.

"இதோ வரேன்ப்பா" என்று சமையலறையிலிருந்து வந்த மகள், தம்ளரோடு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.