மரியான் முதலாளியின் மச்சான்

"முதலாளி, போதும்னு சொன்னேன்லா? காது கேக்கலியா?"

தூத்துக்குடி கடற்கரையே திரும்பிப் பார்த்தது. கத்தியவன் அழுக்கு வேட்டிக்காரன். வாங்கிக் கட்டிக்கொண்டவர் மரியான் முதலாளி. தொழில் செய்தால் அவரைப் போல் செய்ய வேண்டும் என்று ஊரே பிள்ளைகளுக்குச் சொல்லும். போன வருஷம் முடிந்த உலகச் சண்டைக் காலத்தில், கப்பல்கள் வரப் பயந்தபோதுகூட அவர் தோணிகள் கொழும்புக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தன. ஒன்றுகூட முழுகியதில்லை.

அப்பேர்ப்பட்டவர், "சரிப்பா, கோவப்படாத" என்று ஏற்றிய வெங்காய மூட்டைகளை இறக்கச் சொன்னார்.

ஓரமாக நின்ற இசக்கியப்பனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கருப்பட்டி வியாபாரத்தில் நாலு காசு பார்த்தவன். பெண்டாட்டி நகையையும் விற்றுப் போட்டு ஒரு தோணி வாங்கியிருந்தான். தொழில் பழக வேண்டுமானால் மரியானைப் பார் என்று எல்லோரும் சொல்ல, அவரைப் போலவே ஒரு வெள்ளைக் கோட்டும் தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

பக்கத்தில் மூட்டை தூக்குகிறவரைக் கேட்டான்.

"யாரு அண்ணாச்சி அந்த ஆளு? இம்புட்டு வாய் பேசுதான்?"

"ஜேசுபாதமா? அவன் மச்சான்லா! அவன் தலையாட்டாம தோணி நகராது."

ஓகோ, பெண்டாட்டி தம்பிக்குப் பயந்த முதலாளியா! இசக்கியப்பனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கொஞ்சம் ஏமாற்றமும்தான். ஆனாலும் மரியானிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி. சுமை ஏத்துற அதிகாரத்த ஒரு மச்சான் கையில குடுத்துட்டு, நீங்க பேசாம நிக்கியளே?"

மரியான் சிரித்தார். "சங்கு குளிக்கிறதப் பாத்திருக்கீரா?"

"இல்ல."

"கல்லக் கட்டி ஒருத்தன் கடலுக்குள்ள முங்குதான். வள்ளத்துல ஒருத்தன் கயித்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கான். கீழ இருந்து கயிறு அசைஞ்சா உடனே தூக்கணும். அசந்தான்னா ஒரு உசுரு போச்சு. அந்தக் கயித்த யாரு பிடிப்பா, சொல்லும்?"

"அண்ணன் தம்பி?"

"இல்லவே. மச்சான். கூடப்பொறந்தவ தாலியே அந்தக் கயித்துலல்லா தொங்குது! கண்ண எடுப்பானா? எங்க அப்பா சங்கு குளிச்சவரு. அவருட்ட நான் கத்துக்கிட்ட யாவாரம் அது ஒண்ணுதான்."

இசக்கியப்பனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மச்சான்! இது தனக்குத் தோன்றவில்லையே!

அன்றைக்கே மனைவி வடிவம்மாளின் தம்பி சிவனாண்டியைக் கூட்டிவந்து, தோணிச் சுமைக்கு அவன் வைத்ததுதான் சட்டம் என்று சொல்லிவிட்டான்.

சிவனாண்டி விசுவாசமான பையன். அக்காள் நகையெல்லாம் இந்தத் தோணியில்தானே போய் முடங்கிக் கிடக்கிறது? முதல் பயணத்திலேயே அந்தப் பணத்தை எடுத்துவிட வேண்டும் என்று மூட்டைக்கு மேல் மூட்டை ஏற்றினான்.

தோணியை ஓட்டப்போகிற தண்டல் பர்னபாஸ் தலையைச் சொறிந்தார். "முதலாளி, சுமை கூடுதலு. காத்தும் சரியில்ல."

"மச்சான்கிட்டச் சொல்லும்" என்றான் இசக்கியப்பன், மரியானைப் போலவே ஒதுங்கி நின்றுகொண்டு.

மச்சான் சொன்னான்: "கடலுக்குப் பயந்தா தண்டல் வேலைக்கு ஏன் வந்தீரு?"

பர்னபாஸுக்கும் பிழைப்பு இருக்கிறதே. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு பாயை அவிழ்க்கப் போனார்.

முதல் தோணி கிளம்பும்போது மரியான் முதலாளி பக்கத்தில் நிற்க வேண்டாமா? அவரைக் கூட்டிவர இசக்கியப்பன் துள்ளிக்கொண்டு போனான்.

அங்கே மரியான் மறுபடியும் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வேறு தோணி. ஏசியவன் ஜேசுபாதமும் இல்லை, குட்டையாக வேறொருவன்.

"இது யாரு அண்ணாச்சி? ஜேசுபாதம் எங்க?"

"அவன் பாத்த தோணி அன்னைக்கே போயிட்டு. இந்தத் தோணிக்கு இவன்தான் மச்சான்."

"தோணிக்குத் தோணி மச்சானா! உங்க வீட்டம்மா கூட எத்தன பேரு பொறந்தாவ?"

"அவ ஒத்தப் பிள்ளவே. எனக்கு ஏது மச்சான்? இவன் இந்தத் தோணித் தண்டலுக்கு மச்சான். ஜேசுபாதம் அந்தத் தண்டலுக்கு மச்சான்."

இசக்கியப்பன் அந்தக் குட்டையனையும் மரியானையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பின்ன என்ன?" என்றார் மரியான். "முங்குறவனுக்கு மச்சான்லாவே கயிறு பிடிக்கணும்! யாவாரிக்கு மச்சான் பிடிச்சா அவன் கண்ணு சங்கு மேலதான இருக்கும்?"

வந்த காரியத்தை இசக்கியப்பன் சொல்லவில்லை. கோட்டைக் கழற்றிக் கக்கத்தில் சுருட்டிக்கொண்டு மணலில் விழுந்தடித்து ஓடினான்.

பாய் பாதி ஏறிவிட்டது. கரையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பாய்ந்துபோய் அந்தக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

மேலிருந்து பர்னபாஸ் எட்டிப் பார்த்தார். "என்ன முதலாளி, இன்னும் மூட்டை இருக்கா?"

மூச்சு வாங்க இசக்கியப்பன் கத்தினான்.

"உமக்கு மச்சான் யாருவே? உடனே வரச் சொல்லும். வந்து என்னைய ஏசட்டும்!"