பங்களாக் கதிரை

ஹோட்டலாகிவிட்ட வட்டவளைத் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவின் விறாந்தையில், சீமையிலிருந்து வந்த பழைய கதிரையை மரியபுஷ்பம் துடைக்கிறாள். மஞ்சள் வெயில் அதன் வளைந்த முதுகில் வழுக்குகிறது. "மரத்த ஆவியில வேகவச்சு வளைச்சிருக்காங்க. செஞ்ச கம்பெனி பேரு அடியில இருக்கு. நூறு வருஷமாகியும் நிமிரல, பாருங்க," என்று கொழும்பிலிருந்து வந்தவர்களிடம் மனேஜர் நிரஞ்சன் பெருமையடிக்கிறான். தலைச்சுமையாக இதை மலையேற்றிய தன் பாட்டன் பேரை எந்தப் பலகையில் தேடுவது என்று அவளுக்கு உள்ளே எரிகிறது. வந்தவர்களில் ஒருத்தி போனை நீட்டுகிறாள். "உக்காருங்கம்மா, ஒரு போட்டோ எடுக்கிறேன்." மரியபுஷ்பம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு விளிம்பில் உட்காருகிறாள். கதிரையின் பிரம்பு இருக்கை முனகுகிறது. "ஐயோ, எந்திரிங்க!" நிரஞ்சன் ஓடி வருகிறான். "தொடைக்கிற மாதிரி குனிஞ்சு நில்லுங்க." அவள் எழுந்து குனிகிறாள். "ஆ, அப்பிடியேதான். நிமிராதீங்க!"