கம்ப்யூட்டர் பத்திரம்

எர்ணாவூர்ப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷன். பேர் எதற்கு, பாவம், பிழைத்துப் போகட்டும்.

அங்கே ஏட்டு கோதண்டத்துக்கு ரிட்டயராக இன்னும் எட்டே மாதம். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை. இனிமேல் ஒன்று வந்தால் பென்ஷனுக்கு வேட்டு. வீட்டில் மனைவி கெங்கம்மாவுக்குப் பதில் சொல்லி மாளாது. அதனால் மனுஷன் தும்முவதற்குக்கூட மேலிடத்தில் அனுமதி கேட்பார்.

பத்து நாள் வெளியூர் பந்தோபஸ்து முடிந்து, விஜயதசமியன்று காலையில்தான் ஸ்டேஷனுக்குத் திரும்பினார். முதல் நாள் ஆயுத பூஜை. லத்தி, ஜீப், லாக்கப் பூட்டு என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். மேஜை மேல் பொட்டும் பூவுமாக ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது.

அடேயப்பா, மூன்று வருஷமாக எழுதிக் கேட்டதற்கு இப்போதுதான் கவர்ன்மென்டுக்கு மனசு வந்ததா என்று கோதண்டத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

விஜயதசமியில் தொட்டது துலங்கும் என்பார்கள். வாசலில் பாராக்காரர், லாக்கப்பில் மதி என்று ஒருத்தன். மற்றவர்கள் கோயில் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். கேலி செய்ய ஆளில்லை. மகள் வீட்டில் பார்த்த ஞாபகத்தில் டெலிபோன் ஒயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் சொருகி, இன்டர்நெட்டைத் திறந்தார்.

‘நீங்கள்தான் பத்து லட்சமாவது விருந்தாளி, பரிசு வாங்க இங்கே அமுக்குங்கள்’ என்று இங்கிலீஷில் ஒரு கட்டம் மின்னியது. எழுத்துக் கூட்டிப் படித்து அமுக்கினார். பரிசு வரவில்லை, அரைகுறை உடுப்பில் ஒரு வெள்ளைக்காரி வந்தாள். பதறிப்போய் அவளை மூடினால் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரை மூடினால் நாலு பேர். அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். கூட்டம் கலையவில்லை.

அந்த நேரம் பார்த்து வயர்லெஸ் மைக்கில் எஸ்.ஐ. கூப்பிட்டார். நாலு மணிக்கு அசிஸ்டென்ட் கமிஷனர், அதாவது ஏ.சி., வருகிறாராம்.

"மேஜை மேல இருக்கிற கம்ப்யூட்டர் பத்திரம், ஏட்டு. அதுக்கு ஒண்ணுன்னா உங்களைத்தான் கேப்பேன்."

கோதண்டம் அவசரமாக இன்னொரு வெள்ளைக்காரியை மூடப் போனார்.

"அத்த மூடாதீங்க ஏட்டையா, மூட மூட குட்டி போடும்," என்று லாக்கப்பிலிருந்து குரல் வந்தது.

மதி கம்ப்யூட்டர் படித்தவன். கப்பலில் வேலை வாங்கித் தருகிறேன் என்று நெட்டுக்குப்பத்துப் பையன்கள் நாற்பது பேரை ஏமாற்றியதாகக் கேஸ். தனக்கு ஒன்றும் தெரியாது என்பதைத் தவிர இரண்டு நாளாக அவன் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை.

கோதண்டம் ஒன்றும் ஏமாந்த சோணகிரி இல்லை. முதல் வேலையாக அவனுடைய கேஸ் கட்டை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அப்புறம்தான் மேஜையை லாக்கப் பக்கமாக இழுத்துத் திருப்பிப் போட்டார்.

"நீ கம்பிக்கு உள்ளயே நின்னுகினு சொல்லு, நான் அமுக்கறேன். உன் வெரலு இதும்மேல படக் கூடாது, இன்னா?"

அக்யூஸ்ட் கை படலாமா என்று மதியும் பவ்யமாக ஒத்துக்கொண்டான்.

முதலில் டெலிபோன் ஒயரைப் பிடுங்கச் சொன்னான். கட்டத்து மூலையில் தெரிகிற பெருக்கல் குறியே பொய், அதை அமுக்குவது வா வா என்று கூப்பிடுகிற மாதிரி என்றான். கீபோர்டில் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கித்தான் விரட்ட வேண்டுமாம். பார்க்கிற ஒவ்வொரு சைட்டும் குக்கி என்று ஒரு துண்டுச் சீட்டை உள்ளே போட்டுவிட்டுப் போகும். யார் வந்தார், என்ன பார்த்தார் என்று அது நாலு மணிக்கு ஏ.சி.யிடம் கோள் சொல்லும் என்றான். கோதண்டம் பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனை சீட்டையும் அழித்தார். வெள்ளைக்காரிகள் போய்ச் சேர்ந்தார்கள்.

"வேரு இன்னும் கீது ஏட்டையா. கீழ மஞ்சளா ரெண்டு பொட்டி கீது பாருங்க, அதுக்குள்ளதான் பூந்துகினு கீது. அப்டியே வுட்டா ஏ.சி. முன்னாடி தொறந்துக்கும். அப்புறம் உங்க இஷ்டம்."

"வோணாம் நைனா, வேரோட புடுங்கிடலாம்."

காலையில் வாடா போடா, இப்போது நைனா. காரியம் ஆக வேண்டுமே. மஞ்சள் பெட்டிகள் இரண்டும் போயின. குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொன்னான், செய்தார். அழித்தது மறுபடி எழுந்து வராமல் இருக்க, கடைசியில் அவன் சொன்ன எதையோ ஓட விட்டார். கலர் கலராகச் சின்னக் கட்டங்கள் இரண்டு மணி நேரம் இடம் மாறி இடம் மாறி உட்கார்ந்தன.

எல்லாம் முடிந்ததும் திரை துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. கோதண்டத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இத்தனை நல்லவனைப் போய் உள்ளே வைத்திருக்கிறார்களே என்று மனசு கேட்கவில்லை. தன் காசில் டீயும் பன்னும் வாங்கிக் கம்பி வழியாக நீட்டினார்.

நாலு மணிக்கு எஸ்.ஐ.யோடு ஏ.சி. வந்தார். கோதண்டம் அடித்த சல்யூட்டில் தூசி பறந்தது. ஸ்டேஷன் சுத்தமாக இருக்கிறது என்று ஏ.சி. பாராட்டினார். பென்ஷன் தப்பித்தது என்று கோதண்டம் நிம்மதியாக மூச்சு விட்டார்.

லாக்கப் பக்கம் திரும்பிய ஏ.சி., இவன் குற்றத்தை ஒத்துக்கொண்டானா என்று கேட்டார். கல்லுளிமங்கன் சார், ஆனால் ஒத்துக்கொள்ளவே தேவையில்லை என்றார் எஸ்.ஐ. பிறகு பெருமையாகக் கம்ப்யூட்டரின் மேல் கையை வைத்தார்.

"இவன் ஆபீஸ்ல புடிச்சிட்டு வந்தது சார் இது, பசங்களுக்கு இவன் அனுப்பின போலி லெட்டர் அத்தனையும், ஒண்ணு விடாம, இதுக்குள்ளதான் இருக்கு."