நாற்பத்தாறு படங்களில் ஒன்று

விருதுநகரில் மிளகாய் மண்டி வைத்திருந்த அப்பா, வியாபாரத்துக்குப் போன ஊர்களிலெல்லாம் ஓவியங்கள் வாங்கிச் சேர்த்தவர். நாற்பத்தாறு படங்களை விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். மண்டியைப் பிரித்த நாளிலிருந்தே தர்மக்கண்ணுவும் அவன் அண்ணன் வன்னியராஜனும் பேசிக்கொள்வதில்லை. படங்களைப் பிரித்துக் கொடுக்க அக்கா பாக்கியம்தான் நடுவில் உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு ரொம்ப வேணுங்கிற படத்த ஆளுக்கொரு சீட்டுல எழுதுங்கடா.”

கல்கத்தாவில் வாங்கிய பெரிய படத்தைத்தான் அண்ணன் கேட்பான் என்று தர்மக்கண்ணு நினைத்தான். சீட்டுகளைப் பிரித்த அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“ரெண்டு பேரும் அம்மாவத்தான் எழுதிருக்கீங்க.”

அது கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர் வரைந்த படம். மதிப்புப் போட வந்தவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடுப்பில் இருக்கும் குழம்பு தீய்ந்துவிடுமே என்ற தவிப்போடு, அம்மா அதில் அடுக்களைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“அண்ணங்கிட்ட ஆறு மாசம், தம்பிகிட்ட ஆறு மாசம்” என்று அக்கா முடித்துவிட்டாள்.

முதல் ஆறு மாதம் முடிந்தது. அண்ணன் யாரிடமாவது படத்தைக் கொடுத்தனுப்புவான் என்று தர்மக்கண்ணு காத்திருந்தான். வாசலில் கார் வந்து நின்றது. அண்ணனே ஓட்டி வந்திருந்தான். பக்கத்து இருக்கையில் வேட்டி சுற்றி, சீட் பெல்ட் மாட்டி, அம்மா.

“மொத அம்மாவ எறக்குடா.” இரண்டு வருஷத்தில் அண்ணன் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

தர்மக்கண்ணு காரைச் சுற்றிப் போய் அண்ணன் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

“மொத நீ எறங்குண்ணே. இல்லாட்டி அம்மா என்னத்தான் வையும்.”